கூலிங் கிளாஸில் இருக்கும் பெயர்: எதால் பெயர் போகும், எதால் லென்ஸே போகும்

கூலிங் கிளாஸ் பிடித்திருக்கிறது, லென்ஸ் மூலையில் வெள்ளையாகத் துருத்திக்கொண்டிருக்கும் கம்பெனிப் பெயர் மட்டும் பிடிக்கவில்லை. என்ன செய்யலாம் என்று தேடினால் எல்லோரும் கை காட்டுவது நெயில் பாலிஷ் ரிமூவரை. பாதிப் பேருக்கு அது சரியான பதில். மீதிப் பாதிப் பேருக்கு லென்ஸை ஒரே துடைப்பில் பால் வெள்ளையாக்கிவிடும் பதில். அசல் கண்ணாடி லென்ஸுக்கு ரிமூவரை மிஞ்சிய திரவம் கிடையாது. பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் லென்ஸுக்கு அதைப் போன்ற எதிரியும் கிடையாது. ஆகவே ரிமூவர், ஆல்கஹால், பல்குச்சி, ரப்பர், பற்பசை, மேஜிக் ஸ்பாஞ்ச், எட்சிங் க்ரீம், கடைசியாகக் கண்ணாடிக் கடை என்று புழக்கத்தில் இருக்கும் வழிகளை இங்கே எடை போடும்போது, எந்த லென்ஸுக்கு என்பதைச் சேர்த்தே சொல்லியிருக்கிறோம்.

அதற்கு முன், பெயர் எப்படி வந்து உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். நகத்தின் நுனியைப் பெயரின் குறுக்கே மெதுவாக இழுங்கள். எழுத்து லேசாக மேடாகத் தட்டுப்பட்டால் அது அச்சு. மெத்தென்ற சிலிக்கான் பேடு ஒன்று மையைத் தொட்டு எடுத்து லென்ஸின் வளைவில் ஒற்றிவிட்டுப் போன வேலை. இதை எடுக்கலாம். எழுத்து மேடாகத் தட்டுப்படவில்லை, வெளிச்சத்தில் சாய்த்தால் மட்டும் சாம்பல் பூத்தாற்போல் தெரிகிறது என்றால் அது லேசரால் பொறித்தது. அது மேலே இருக்கும் பொருள் அல்ல, லென்ஸில் விழுந்த பள்ளம். பள்ளத்தைத் துடைத்து எடுக்க முடியாது. மூன்றாவது வகை, மிரர் லென்ஸில் மிரர் பூச்சையே எழுத்து வடிவத்தில் விட்டுவிட்டோ கூட்டியோ செய்திருப்பது. அதை எடுக்க வேண்டுமானால் மிரரையே எடுக்க வேண்டும்.

ரே-பானில் முதல் இரண்டு வகையும் ஒரே ஜோடியில் உண்டு. லென்ஸின் மேல் மூலையில் இருக்கும் வெள்ளைப் பெயர் அச்சு. கூசும் பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைஸ்டு மாடலாக இருந்தால் அதை ஒட்டி ஒரு 'பி' எழுத்தும் இருக்கும். கீல் ஓரத்தில், தேடினால்தான் கண்ணில் படும் குட்டி 'ஆர்பி' பொறித்தது. முன்னதை எடுக்கலாம், பின்னது லென்ஸ் இருக்கும்வரை இருக்கும். அசலா போலியா என்று பார்ப்பவர்கள் முதலில் தேடுவது இந்த இரண்டையும்தான். பின்னால் விற்கும் எண்ணம் இருந்தால் வெள்ளைப் பெயரை எடுக்கும் முன் இன்னொரு தடவை யோசிக்கவும்.

அடுத்தது லென்ஸ். கண்ணாடி லென்ஸைக் கன்னத்தில் ஒற்றினால் சில்லென்று இருக்கும், நகத்தால் தட்டினால் 'டிங்' என்னும். பிளாஸ்டிக் உடனே உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும், சத்தமும் 'டொக்'. எடையிலும் ஏமாற வாய்ப்பில்லை: தண்ணீரோடு ஒப்பிட்டால் கண்ணாடியின் அடர்த்தி சுமார் 2.5 மடங்கு, பிளாஸ்டிக் வகைகள் 1.2, 1.3 அளவில்தான். ரே-பானின் பழைய வடிவங்களான வேஃபேரர் ஆர்பி 2140, ஏவியேட்டர் ஆர்பி 3025 ஆகியவற்றில் ஜி-15 என்று போட்டு வருவது கண்ணாடி லென்ஸ். அந்த 15 என்பது உள்ளே விடும் வெளிச்சத்தின் சதவீதம்.

பிளாஸ்டிக்கில்தான் குழப்பம். நம் ஊர்க் கடைகளில் கண்ணாடி அல்லாத எல்லாமே 'ஃபைபர்'. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. பவர் போட்ட கூலிங் கிளாஸில் பெரும்பாலும் இருப்பது சிஆர்-39. இது உருகாத வகை, ரிமூவரில் வேலை செய்யும் அசிட்டோன் பட்டாலும் அசைந்துகொடுக்காது. முகத்தைச் சுற்றி வளையும் விளையாட்டு மாடல்களும் லென்ஸைச் சுற்றிச் சட்டமே இல்லாத ரிம்லெஸ் மாடல்களும் அநேகமாகப் பாலிகார்பனேட். மலிவு விலை போலரைஸ்டு என்றால் டிஏசி: செல்லுலோஸ் ட்ரைஅசிடேட் தகடுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய போலரைசர் படலத்தை வைத்து ஒட்டியது. தெருவோரக் கடையில் வாங்கியதில் அக்ரிலிக்கும் வரலாம். போலரைஸ்டா என்று தெரிந்துகொள்ள லேப்டாப் திரை முன் லென்ஸைப் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். ஏதோ ஒரு கோணத்தில் திரை கறுத்துவிட்டால் ஆம். பிளாஸ்டிக் என்று தெரிகிறது, எந்தப் பிளாஸ்டிக் என்று தெரியவில்லை என்றால் பாலிகார்பனேட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாமே என்று அசிட்டோனைத் தொடாதீர்கள். அந்தச் சோதனையில் விடை தெரியும்போது லென்ஸ் போயிருக்கும்.

இனி ஒவ்வொன்றாக.

நெயில் பாலிஷ் ரிமூவர் கண்ணாடி லென்ஸுக்கு முதல் மதிப்பெண். காது பட்ஸில் தொட்டு, பாட்டில் விளிம்பிலேயே பிழிந்துவிட்டு, எழுத்தின் மேல் அரை நிமிடம் வைத்துத் துடைத்தால் மை குழைந்து பஞ்சுக்கு வந்துவிடும். இங்கே ஆபத்து லென்ஸுக்கு அல்ல, ஃபிரேமுக்கு. வேஃபேரர் போன்ற தடித்த ஃபிரேம்கள் செல்லுலோஸ் அசிடேட்டால் ஆனவை. அசிட்டோனில் அசிடேட் கரையும். பெயர் இருப்பதோ ஃபிரேமை ஒட்டிய மேல் மூலையில். ஈரம் அதிகமானால் திரவம் லென்ஸுக்கும் ஃபிரேமுக்கும் இடையிலுள்ள காடிக்குள் தானாக ஏறிப்போய் உட்கார்ந்துகொள்ளும். பளபளப்பான விளிம்பு மங்கி, தொட்டால் பிசுபிசுக்கும். கண்ணாடியை அணிவது போலவே நிமிர்த்திப் பிடித்தால் வழிவது கீழே லென்ஸின் நடுவுக்கு வரும், மேல் ஃபிரேமுக்குப் போகாது. ஏவியேட்டர் போன்ற உலோக ஃபிரேமில் திருகைக் கழற்றி லென்ஸை வெளியே எடுத்துவிட்டே செய்யலாம். உலோகத்தின் மேல் அரக்குப் பூச்சு இருந்தால் அசிட்டோன் அதையும் விட்டுவைக்காது. காதில் மாட்டும் பிளாஸ்டிக் நுனிகளும் அப்படித்தான்.

'அசிட்டோன் இல்லாதது' என்று லேபிள் போட்ட ரிமூவரைப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். அவற்றில் பலவற்றில் வேலை செய்வது எத்தில் அசிடேட். நகத்துக்கு வேண்டுமானால் அது சாது. பாலிகார்பனேட்டுக்கு இதுவும் பகைதான். பெயின்ட் தின்னர், பெட்ரோல் இரண்டும் பேச்சுக்கே வேண்டாம்.

பிளாஸ்டிக் லென்ஸுக்கு நாங்கள் சொல்லும் ஜோடி ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் மூங்கில் பல்குச்சியும். பார்க்க அற்பமாக இருக்கும், ஆனால் மொத்தப் பட்டியலிலும் கெடுதல் குறைவானது இதுதான். ஏன் எடுபடுகிறது என்றால், பல லென்ஸ்களில் தண்ணீரும் எண்ணெயும் ஒட்டாத வழுக்குப் பூச்சு ஒன்று இருக்கும். அதன் மேல் அச்சிட்ட மைக்குப் பிடிமானம் குறைவு. ஆல்கஹால் மையைக் கரைப்பதைவிட, விளிம்பில் புகுந்து பிடியைத் தளர்த்துகிறது. தளர்ந்ததைக் குச்சி தள்ளிவிடுகிறது. கீறல் விழாமலிருக்க லென்ஸின் மேல் பூசியிருக்கும் ஹார்ட் கோட்டைவிட மூங்கில் மென்மையானது, அதனால் கீறாது. சாதா மரக் குச்சியும் ஆகும், ஆனால் ஈரம் பட்டதும் நுனி நார்நாராகப் பிரிந்துவிடும். ஊசி, பிளேடு, குண்டூசி எதுவும் பிளாஸ்டிக் பக்கமே வரக்கூடாது.

மருந்துக்கடை ஆல்கஹாலில் 70 சதவீதமே போதும். 99 சதவீதம் வேகமாகப் பறந்துவிடும், ஊற நேரம் கிடைக்காது. சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கினால் லேபிளைப் படியுங்கள். எண்ணெய் சேர்த்த வகை உண்டு, அது லென்ஸில் மங்கல் படலம் விடும். சானிடைசர் ஜெல்லில் கிளிசரின் இருக்கும், வேலை நடக்கும், வழித்து எடுப்பதுதான் தொல்லை. இரண்டு எச்சரிக்கை. அக்ரிலிக் லென்ஸில் ஆல்கஹால் பட்டால் சிலந்தி வலை மாதிரி நுண்வெடிப்பு விழும். சந்தேகம் இருந்தால் சோப்புத் தண்ணீரும் குச்சியும் மட்டும். டிஏசி லென்ஸில் எந்த ஈரமும் விளிம்பில் இறங்கக்கூடாது, நடுவே இருக்கும் படலம் ஊறி அடுக்கு பிரியும்.

செய்முறை இப்படி. லென்ஸை முதலில் குழாய்த் தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவுங்கள் (டிஏசி என்றால் ஈரத் துணியால் ஒற்றி எடுப்பதோடு சரி). காய்ந்த லென்ஸைத் துடைக்கும்போது விழும் கீறல்கள் துணியால் வருவதல்ல, துணிக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டிய மணல் துகளால் வருவது. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, விரல் நுனியால் தேய்த்து அலசி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். பஞ்சைப் பெயரின் அளவுக்கே கிள்ளிக்கொள்ளுங்கள். பெயர் 15 மில்லிமீட்டர் நீளம் என்றால் பஞ்சும் அவ்வளவே. அதை ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்து பெயரின் மேல் வைத்து, சமையலறைப் பிளாஸ்டிக் உறைத் துண்டு ஒன்றால் மூடி 2 நிமிடம் விடுங்கள். மூடாவிட்டால் அரை நிமிடத்தில் காய்ந்துவிடும்.

பல்குச்சியின் கூர் நுனியை வெட்டிவிட்டு உளி போலச் சாய்வாகச் சீவிக்கொள்ளுங்கள். லென்ஸோடு 30 டிகிரி சாய்வில் வைத்து, எழுத்தின் வெளி விளிம்பிலிருந்து உள்ளே தள்ளுங்கள். நடுவிலிருந்து சுரண்டினால் வழுக்கும். கோடு போட்ட எழுத்துகள் சட்டென்று வரும். 'ஓ', 'பி' மாதிரி வளைவுள்ளவை அடம் பிடிக்கும். முதலில் ஒரு எழுத்தின் ஓரம் வெள்ளைப் பொடியாக உதிரும். அதைப் பார்த்தால் மீதியும் வந்துவிடும் என்று அர்த்தம். ஊறவைத்தல், தள்ளுதல், துடைத்தல் என்று நாலைந்து சுற்றில் சாதாரண அச்சு முடிந்துவிடும்; கால் மணி நேர வேலை. ஐந்து சுற்றுக்குப் பிறகும் எழுத்தின் விளிம்புகூடக் கலங்கவில்லை என்றால் அது இறுகவைக்கும் பொருள் கலந்து சூடேற்றிய மை. அங்கே நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்கு மேல் போனால் பெயரோடு கோட்டிங்கும் வரும்.

சுரண்டும்போது லென்ஸின் பின்னால் கட்டாயம் ஒரு விரல் முட்டுக்கொடுத்திருக்க வேண்டும். ஃபிரேமுக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் லென்ஸ் எப்போதும் ஓர் அழுத்தத்தில்தான் இருக்கிறது. அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கில் கரைப்பான் பட்டால், சும்மா கிடக்கும் பிளாஸ்டிக்கைவிடச் சீக்கிரம் வெடிப்பு விடும். ரிம்லெஸ் கண்ணாடியில் திருகு ஏறும் துளையைச் சுற்றித்தான் இந்த அழுத்தம் அதிகம், பெயரும் பெரும்பாலும் அங்கேயேதான் பக்கத்தில் இருக்கும். அந்த வகையில் திருகை ஒரு சுற்று தளர்த்திவிட்டு ஆரம்பியுங்கள், ஈரம் துளைக்குள் போகாமல் பாருங்கள்.

எல்லாம் சுத்தமாகப் போன பிறகும் ஒரு விஷயம் மிச்சமிருக்கலாம். லென்ஸில் 'ஹா' என்று ஊதிப் பாருங்கள். மூச்சின் பனி படரும்போது, இல்லாத பெயர் ஒரு நொடி எழுந்து நின்றுவிட்டு மறையும். மை இருந்த இடத்தில் வழுக்குப் பூச்சு வேறு மாதிரித் தேய்ந்திருப்பதால் அங்கே மட்டும் பனி வேறு மாதிரிப் படிகிறது. இதை அழிக்க வேண்டும் என்று மறுபடி தேய்க்க ஆரம்பிப்பவர்கள்தான் லென்ஸைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மாட்டிக்கொண்டு நடக்கும்போது எதிரே வருபவர் கண்ணுக்கு அது தெரியாது. மிரர் லென்ஸில் மட்டும் கதை வேறு: மைக்குக் கீழே மிரர் பூச்சு நிறம் வெளுக்காமல் புதிதாக இருக்கும், சுற்றிலும் வெயில் பட்டு மங்கியிருக்கும், பெயரின் நிழல் பகலிலேயே தெரியும். பழைய மிரர் கண்ணாடியில் பெயரை எடுப்பதைவிட விட்டுவிடுவதே மேல்.

ரப்பர் மோசமில்லை. ஐந்து ரூபாய் வெள்ளைப் பென்சில் ரப்பர், ஆல்கஹாலில் ஊறித் தளர்ந்த மையின் மிச்சத்தை எடுக்க நல்லது. தனியாக, காய்ந்த மையின் மேல் என்றால் கை வலிக்கும் அளவுக்குத் தேய்க்க வேண்டும், அதற்குள் லென்ஸ் சூடாகிவிடும். ஒரு பக்கமாகவே இழுங்கள். வட்டமாகத் தேய்த்தால் பெயர் போன இடத்தில் வட்ட மங்கல் வந்து உட்காரும். நீலமும் சிவப்புமாக வரும் இங்க் ரப்பரின் நீலப் பக்கத்தில் அரைக்கும் பொடி கலந்திருக்கும். அது மணல்தாளுக்குத் தம்பி.

பற்பசைக்குப் பூஜ்யம். அதிலிருக்கும் அரைக்கும் பொடி பல் எனாமலின் கடினத்தைக் கணக்கில் வைத்துச் சேர்த்தது. பிளாஸ்டிக் லென்ஸ் எனாமலைவிட எவ்வளவோ மென்மை. மேலே இருக்கும் ஹார்ட் கோட்டின் தடிமனும் சில மைக்ரான்தான், தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்கு. பெயர் போகும், உண்மைதான். அதோடு அந்த மூலையில் ஒரு புகைமூட்டமும் வரும், எதிர்வெயிலில் அது முழுக்கப் பளபளக்கும். நிறம் ஏற்றிய சிஆர்-39 லென்ஸில் இன்னொரு கேடு: அந்த நிறம் சூடான சாய நீரில் முக்கி ஏற்றியது, மேல்பரப்பில் மட்டும் இறங்கியிருக்கும். அரைத்தால் நிறமே வெளுத்து வட்டமாக ஒரு திட்டு விழும். மேஜிக் ஸ்பாஞ்சுக்கும் இதே தீர்ப்பு. தொட்டால் பஞ்சு மாதிரி இருந்தாலும் அது இறுகிய மெலமைன் நுரை. நுண்ணிய மணல்தாள் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

எட்சிங் க்ரீமை வெளிநாட்டு வீடியோக்களில் பார்த்துவிட்டு ஆன்லைனில் வாங்குகிறார்கள். கண்ணாடியில் பனிப் பூ வேலை செய்ய உண்டாக்கியது இது. அதிலிருக்கும் ஃபுளோரைடு உப்பு கண்ணாடியை அரித்துத் தின்னும். பிளாஸ்டிக்கைத் தொடாது, ஆனால் பிளாஸ்டிக்கின் மேலிருக்கும் மிரர், பிரதிபலிப்பைக் குறைக்கும் ஆன்டி ரிஃப்ளெக்‌ஷன் பூச்சுகளைக் கழற்றும். பூச்சு போனால் அதன் மேலிருந்த பெயரும் போகும் என்பதுதான் உத்தி. அதாவது பெயரை எடுக்க வீட்டுச் சுவரையே இடிப்பது. தெரியாமல் கண்ணாடி லென்ஸில் போட்டால் குளியலறை ஜன்னல் மாதிரி ஆகிவிடும். தோலில் பட்டால் உடனே எரியாது, உள்ளே இறங்கிய பிறகுதான் வலிக்கும், அதுதான் இதில் பயங்கரம். ஒரு பெயருக்காக இதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

பெயர் அச்சல்ல, ஸ்டிக்கர் என்றால் இத்தனை பாடும் இல்லை. நகத்தால் உரித்துவிட்டு, மிச்சப் பசையின் மேல் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். நீலகிரித் தைலம் பசையை இன்னும் வேகமாக எடுக்கும், ஆனால் அந்த ரகத் தைலங்கள் பிளாஸ்டிக்கோடு ஒத்துப்போகாதவை.

எடுக்காமலே மறைக்கும் வழி ஒன்றும் உண்டு, யாரும் அதிகம் சொல்வதில்லை. கறுத்த லென்ஸில் வெள்ளை எழுத்து என்றால், மெல்லிய நுனியுள்ள கறுப்புப் பெர்மனன்ட் மார்க்கரால் எழுத்தின் மேலேயே எழுதிவிடுங்கள். இரண்டடி தள்ளி நின்றால் தெரியாது. வேண்டாம் என்றால் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடைத்துவிடலாம். விலை உயர்ந்த மிரர் அல்லாத ஜோடிக்கும், பின்னால் விற்கும் எண்ணம் இருப்பவர்களுக்கும் இதையே முதலில் சொல்வோம்.

பெயரை எடுத்தால் யுவி பாதுகாப்பு போய்விடுமா என்ற பயம் தேவையில்லை. பாலிகார்பனேட் இயல்பிலேயே புற ஊதாக் கதிரைத் தடுக்கும். மற்றப் பிளாஸ்டிக்குகளில் அதற்கான பொருள் வழக்கமாக லென்ஸுக்குள்ளேயே கலந்திருக்கும். மையில் ஒன்றும் இல்லை. ஆனால் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் பவர் மாறிக்கொண்டே போகும் ப்ரோக்ரஸிவ் லென்ஸில் 34 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு நுண்ணிய பொறிப்புகள் தெரிந்தால் அவை விளம்பரம் அல்ல. லென்ஸைச் சரியாகப் பொருத்தக் கடைக்காரர் பார்க்கும் அடையாளம். அவற்றைச் சுரண்டாதீர்கள், சுரண்டினாலும் போகாது.

லேசர் பொறிப்பு, மிரருக்குள் பெயர், இறுகிய மை இந்த மூன்றுக்கும் மிஞ்சியிருப்பது கண்ணாடிக் கடையில் லென்ஸ் மாற்றுவது. பழைய லென்ஸை அச்சாக வைத்துப் புதியதை வெட்டித் தருவார்கள். தட்டையான ஃபிரேமுக்கு எந்த நல்ல கடையிலும் சரியாக அமையும். முகத்தைச் சுற்றி வளையும் ஃபிரேம் என்றால் லென்ஸின் வளைவு, கடைக்காரர் மொழியில் பேஸ் கர்வ், ஃபிரேமோடு பொருந்துமா என்று முதலிலேயே கேளுங்கள். அந்த மாடல்களில் வளைவு 8 அளவில் இருக்கும். கையிருப்பில் இருக்கும் 4, 6 லென்ஸை வைத்து அமுக்கினால் ஒரு ஓரம் நிற்காமல் எழும்பும், நாலு நாளில் தெறித்து விழும். யுவி 400, கேட்டகிரி 3 என்று பில்லில் எழுதி வாங்குங்கள். யுவி 400 என்றால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று பொருள். கேட்டகிரி 3 என்றால் 8 முதல் 18 சதவீதம் வெளிச்சம் உள்ளே விடும், நம் வெயிலுக்கு அது சரி. போலரைஸ்டு போட்டிருந்தால் வாங்கும் இடத்திலேயே கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடையின் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துத் தலையை இரு பக்கமும் சாயுங்கள். ஒரு கண்ணை மூடி, பிறகு மற்றதை மூடி. இரண்டு லென்ஸும் ஒரே சாய்வில் கறுக்க வேண்டும். ஒன்று முந்தி ஒன்று பிந்திக் கறுத்தால் லென்ஸைக் கோணலாக வெட்டிவிட்டார்கள். காசு கொடுக்கும் முன் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.